வட அயர்லாந்தில் கத்தோலிக்கராக வளர்வதும் கப்பலேறுவதும்: வீடு, வாக்கு, வேலை மூன்றும் எப்படிப் பின்னிக் கிடந்தன?

#1 மருதநிலா

1968க்கு முந்தைய வட அயர்லாந்து பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இடம் பிடிபடவில்லை. கத்தோலிக்கர், புரொட்டஸ்டன்ட் இரு தரப்பும் ஒரே நிறம், பேசுவது ஒரே மொழி, கும்பிடுவது ஒரே கர்த்தர். "கத்தோலிக்கருக்கு வாக்கில்லை" என்று எழுதிய சட்டமும் இல்லை. 1920ஆம் ஆண்டு அயர்லாந்து ஆட்சிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மதப் பாகுபாடு காட்டும் சட்டம் போடவே கூடாது என்கிறது. பிறகு எந்த வழியாக நடந்தது? ஏன் அத்தனை பேர் ஊரை விட்டுப் போனார்கள்? குண்டுவெடிப்பு வரலாறு எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அன்றாடம் அது எப்படி இயங்கியது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கோட்டைவாசல்

நல்ல கேள்வி. "மதம்" என்ற தலைப்பில் தேடினால் ஒன்றும் அகப்படாது. வீட்டு வரியில் தேடுங்கள்.

பிரிட்டனில் 1945இல் உள்ளாட்சித் தேர்தலிலும் வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு வந்துவிட்டது. வட அயர்லாந்தின் ஸ்டோர்மோண்ட் பாராளுமன்றம் அதை ஏற்கவில்லை. 1946இல் தனிச் சட்டம் போட்டு, வரி கட்டும் வீட்டுக்காரர், அவருடைய கணவன் அல்லது மனைவி, இவர்களுக்கு மட்டும்தான் உள்ளாட்சி வாக்கு என்று நிறுத்திக்கொண்டது. உள்வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை. அப்பா வீட்டிலேயே இருக்கும் 30 வயது மகனுக்கு இல்லை. மாமியார் வீட்டில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் தம்பதிக்கும் இல்லை. பாராளுமன்றத் தேர்தலில் வாக்குள்ளவர்களில் கால்வாசிக்கு மேல் உள்ளாட்சியில் வாக்கில்லாதவர்கள். இன்னொரு பக்கம், கம்பெனிகளுக்கு வரி மதிப்பில் 10 பவுண்டுக்கு ஒன்று வீதம் 6 வாக்கு வரை உண்டு.

ஆக, கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) கட்டும் ஒரு வாடகை வீட்டை ஒரு தம்பதிக்குக் கொடுத்தால் இரண்டு வாக்கு புதிதாகப் பிறக்கிறது. கொடுக்காவிட்டால் அந்த இரண்டும் பிறக்காது. வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது, அந்த வாக்குகளால் பதவியில் இருக்கும் அதே கவுன்சில். சட்டத்தில் மதம் என்ற சொல்லே வர வேண்டியதில்லை.

இதன் முழு உருவத்தைப் பார்க்க டெரி நகரம் போதும். கலவரங்களின் காரணத்தை விசாரித்த கேமரன் ஆணையம் 1969இல் தந்த எண்கள் இவை. தெற்கு வார்டில் 10,047 கத்தோலிக்க வாக்காளர், 1,138 மற்றவர், 8 இடம். வடக்கு வார்டில் 2,530 கத்தோலிக்கர், 3,946 மற்றவர், அங்கும் 8 இடம். வாட்டர்சைடு வார்டில் 1,852 கத்தோலிக்கர், 3,697 மற்றவர், 4 இடம். கூட்டிப் பாருங்கள்: 14,429 கத்தோலிக்கருக்கு 8 கவுன்சிலர், 8,781 மற்றவருக்கு 12 கவுன்சிலர். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருந்த ஊரில் யூனியனிஸ்டுகளின் (பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பியவர்கள், பெரும்பாலும் புரொட்டஸ்டன்ட்) ஆட்சி அசையவே இல்லை.

இந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமானால் கத்தோலிக்கர் தெற்கு வார்டை விட்டு வெளியே வரக் கூடாது. வடக்கில் நிலம் இருந்தும் அங்கே அவர்களுக்கு வீடு கட்டவில்லை. நகர எல்லையை விரிக்கவும் விடவில்லை. தெற்கில் இடம் தீர்ந்ததும் 1966இல் பாக்சைடு பகுதியில் ரோஸ்வில் அடுக்குமாடிகளை எழுப்பினார்கள். அதே வார்டுக்குள் மேல்நோக்கி அடுக்கினார்கள். தேவையைப் பார்த்துப் புள்ளி போட்டு வீடு ஒதுக்கும் முறை கிடையாது. டெரியில் சாவியைக் கொடுக்கும் அதிகாரம் மேயர் ஒருவர் கையில் இருந்தது.

#3 மருதநிலா

1968 ஜூனில் கேலடன் கிராமத்தில் நடந்ததன் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது. 19 வயது, திருமணமாகாத புரொட்டஸ்டன்ட் பெண்ணுக்குக் கவுன்சில் வீடு கொடுத்தார்கள், குழந்தை குட்டியோடு காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இல்லை என்றுதான் வாசித்தேன். இதற்குப் போய் இவ்வளவு போராட்டமா என்று நினைத்தேன்.

#4 கோட்டைவாசல்

ஆமாம். அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து மறியல் செய்தவர் ஆஸ்டின் கரி, ஸ்டோர்மோண்ட் உறுப்பினர். சில மணி நேரத்தில் போலீஸ் வெளியேற்றியது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று, கோலைலண்டிலிருந்து டங்கானனுக்கு முதல் குடிமை உரிமை ஊர்வலம் புறப்பட்டது. அதற்கும் முன்பே டங்கானனில் கான், பட்ரீஷியா மெக்ளஸ்கி தம்பதி ஊர் ஊராகக் கணக்கெடுத்து 1964இல் சமூக நீதி இயக்கம் தொடங்கியிருந்தார்கள். கல் எறிவதற்கு வெகு முன்னால் பட்டியல் போட்டவர்கள் அவர்கள். அந்தப் பட்டியல்கள் இல்லாவிட்டால் லண்டன் திரும்பிப் பார்த்திருக்காது.

#5 நெசவுத்தறி

வேலை விஷயத்துக்கு வருகிறேன். முதலாளிக்கு எப்படித் தெரியும் என்பதுதானே அடுத்த சந்தேகம்?

விண்ணப்பத்தில் படித்த பள்ளியின் பெயர் இருக்கும். 'செயின்ட்' என்று தொடங்கினால் அநேகமாகக் கத்தோலிக்கப் பள்ளி. அரசுப் பள்ளி, ராயல் பள்ளி, மாடல் பள்ளி என்றால் அநேகமாக மறுதரப்பு. முகவரியில் தெருவின் பெயர் இருக்கும். பெல்ஃபாஸ்டில் ஃபால்ஸ் சாலை என்றால் ஒன்று, ஷாங்கில் சாலை என்றால் மற்றொன்று. இயற்பெயர் பேட்ரிக், பெர்னடெட் என்றால் ஒரு பக்கம், வில்லியம், சாமுவேல் என்றால் இன்னொரு பக்கம். குடும்பப் பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஓ'நீல் பழைய கேலிக் பெயர், ஆனால் டெரன்ஸ் ஓ'நீல் யூனியனிஸ்ட் பிரதமர். ஹியூம் ஸ்காட்லாந்துப் பெயர், ஆனால் ஜான் ஹியூம் டெரி கத்தோலிக்கர். ஆகவே பள்ளியும் தெருவும்தான் உறுதியான அடையாளங்கள். "பள்ளியில் என்ன விளையாடினாய்?" என்று நேர்காணலில் கேட்டாலும் போதும்: கேலிக் ஃபுட்பால் என்றால் ஒரு பக்கம், ரக்பி என்றால் மறுபக்கம்.

இந்தச் சோதனை கூடப் பல இடங்களில் தேவைப்படவில்லை. கப்பல் பட்டறை, இயந்திரத் தொழிற்சாலைகளில் வேலைக்கு விளம்பரமே வராது. அப்பாவோ மாமாவோ ஃபோர்மேனிடம் ஒரு வார்த்தை சொல்வார், பையன் அப்ரண்டிஸாகச் சேர்ந்துவிடுவான். 1920 ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்ட் கப்பல் பட்டறைகளிலிருந்து கத்தோலிக்கர்களையும், அவர்களோடு நின்ற புரொட்டஸ்டன்ட் தொழிற்சங்கத்தாரையும் அடித்து விரட்டினார்கள். அதற்குப் பிறகு சொல்லிச் சேர்த்துவிட உள்ளே கத்தோலிக்க மாமா யார் இருந்தார்? ஒருமுறை நடந்த விரட்டல், தலைமுறை தலைமுறையாகத் தானாகவே தொடர்ந்தது இப்படித்தான். ஜூலை மாதம் புரொட்டஸ்டன்ட் வெற்றி விழாவுக்காகப் பட்டறைக்குள் கட்டும் கொடித் தோரணங்களைப் பார்த்த எவனும் அங்கே தனியாகப் போய் நிற்க மாட்டான்.

பொதுத்துறைக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு. ஃபெர்மனா மாவட்டத்தில் கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை. அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டியவர்கள் ஏறத்தாழ 75 பேர்; அதில் கத்தோலிக்கர் அதிகம் போனால் 7 பேர் என்று கேமரன் ஆணையம் எழுதியது. உயர் பதவி என்றால் தகுதி, அனுபவம் என்று ஏதாவது காரணம் சொல்லலாம். பேருந்து ஓட்ட என்ன காரணம் சொல்வது?

#6 சங்குமுகம்

ஒரு பக்கக் கதையாக நிற்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நியூரியில் தேசியவாதிகள் (ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பியவர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்) கையில் கவுன்சில் இருந்தபோது அவர்களும் தம் ஆட்களுக்கே வீடு கொடுத்தார்கள். இதையும் அதே கேமரன் ஆணையம்தான் சொல்கிறது. 1968இல் ரிச்சர்ட் ரோஸ் எடுத்த ஆய்வில், மாகாணம் முழுக்கப் பார்த்தால் வீடு ஒதுக்குவதில் சீரான மதச்சாய்வு தெரியவில்லை. வரி கட்டுபவருக்கு மட்டும் வாக்கு என்றதால் ஏழைப் புரொட்டஸ்டன்டுக்கும் வாக்கில்லாமல் போனது. தனிப் பள்ளிகளை விடாப்பிடியாகக் கேட்டது கத்தோலிக்கத் திருச்சபை. அந்தப் பள்ளியின் பெயர்தான் பிறகு விண்ணப்பத்தில் காட்டிக் கொடுத்தது. தேசியவாதிகள் ஆரம்ப வருடங்களில் ஸ்டோர்மோண்டைப் புறக்கணித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#7 கோட்டைவாசல்

நீங்கள் சொன்ன எல்லாமே உண்மை. ஆனால் எடை போட்டால் தராசு சமமாக நிற்காது. நியூரி போன்ற தேசியவாதக் கவுன்சில்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. எல்லைக்கோட்டை வளைத்து வார்டு வரையும் அதிகாரம் ஸ்டோர்மோண்டிடம் மட்டுமே இருந்தது. 1922இல் உள்ளாட்சிக்கும் 1929இல் பாராளுமன்றத்துக்கும் விகிதாசாரத் தேர்தல் முறையை நீக்கியதும் அதுதான். ஜான் வைட் என்ற அறிஞர் 1983இல் இதை வகைப்படுத்தினார்: பாகுபாடு மிகத் தெளிவாக இருந்தது தேர்தல் முறையில், அடுத்து அரசு வேலை, பிறகு காவல்துறை, தனியார் வேலை, வீடு அதற்கும் கீழே. மேற்கு மாவட்டங்களில் மிகக் கடுமை, கிழக்கே போகப் போகக் குறைவு. யூனியனிஸ்டுகள் சிறுபான்மையாக இருந்த ஊர்களில்தான் பிடியை இறுக்கினார்கள். ரோஸ் ஆய்வின் மாகாணச் சராசரி டெரியையும் டங்கானனையும் மறைத்துவிடுகிறது.

பள்ளி விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். தனிப் பள்ளி கேட்டதற்குச் சபை விலையும் கொடுத்தது. 1930க்குப் பிறகு கட்டடச் செலவில் அரசு 50 சதவீதம், 1947 சட்டத்துக்குப் பின் 65, 1960களின் இறுதியில் 80, 1990களில்தான் முழுவதும். மீதியைப் பங்கு மக்கள் ஞாயிற்றுக்கிழமை காணிக்கையிலிருந்து கட்டினார்கள். ஆனால் அதே 1947 சட்டம்தான் 11 வயதுத் தேர்வில் தேறிய பிள்ளைக்கு இலவச உயர்நிலைக் கல்வியைத் தந்தது. 1960களில் ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்றவர்கள் அந்தப் பிள்ளைகள்.

#8 அலைவாய்

இனி, ஊரை விட்டுப் போனது. இதைத் தனிக் கதையாகப் பிரித்துச் சொல்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள்: கத்தோலிக்கர் 1926இல் 33.5 சதவீதம், 1937இலும் 33.5, 1951இல் 34.4, 1961இல் 34.9. பிறப்பு விகிதம் அவர்களிடம்தான் கூடுதல். அப்படியிருந்தும் 35 வருடத்தில் ஒன்றரைப் புள்ளிகூட ஏறவில்லை. அதிகமாகப் பிறந்தவர்களைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போயிற்று. வீடில்லை, வேலையில்லை என்ற நிலை வாக்குச்சீட்டின் விகிதத்தை அப்படியே காத்தது. 1971 கணக்கில் கத்தோலிக்க ஆண்களிடையே வேலையின்மை புரொட்டஸ்டன்ட் ஆண்களைப் போல் சுமார் இரண்டரை மடங்கு.

எங்கே போனார்கள்? பெரும்பாலும் பிரிட்டன். பாஸ்போர்ட் தேவையில்லை, அனுமதிச் சீட்டு தேவையில்லை, ஒரு இரவுக் கப்பல் டிக்கெட் போதும். பெல்ஃபாஸ்டிலிருந்து லிவர்பூல் அல்லது ஹேஷம், லார்னிலிருந்து ஸ்ட்ரான்ரார், டெரியிலிருந்து நேராக கிளாஸ்கோ.

கிளாஸ்கோவுக்குப் போனவர்கள் ஒரு பொறியிலிருந்து இன்னொன்றுக்குள் போனார்கள். அங்கும் பட்டறைகளில் "எந்தப் பள்ளி?" என்ற கேள்வி இருந்தது. 1923இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவைக்கே ஐரிஷ் குடியேற்றத்தை ஆபத்து என்று காட்டும் அறிக்கை போனது. அங்கு இருந்த நல்ல விஷயம், 1918 கல்விச் சட்டம் கத்தோலிக்கப் பள்ளிகளை முழு அரசுச் செலவில் எடுத்துக்கொண்டது. டெரியில் காணிக்கைத் தட்டில் போட்ட காசை கிளாஸ்கோவில் போட வேண்டியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் கட்டட வேலைக்குப் போன ஆண்கள் சிக்கிய இடம் வேறு. ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி, கையில் ரொக்கம், எந்தப் பதிவும் இல்லை. அன்றைக்குச் சம்பளம் அதிகமாகத் தெரியும். ஆனால் தேசியக் காப்பீட்டு முத்திரை வாராவாரம் அட்டையில் ஒட்டப்படாது. கால் ஒடிந்தால் உதவித்தொகை இல்லை, 65இல் முழு ஓய்வூதியம் இல்லை. பங்குக் கோயிலில் விசாரித்து, அட்டையில் முத்திரை ஒட்டும் முதலாளியாகப் பார்த்துச் சேர்ந்தவர்கள் தப்பினார்கள். செவிலியர் பயிற்சிக்குப் போன பெண்கள் நிலைமை மேல்: மருத்துவமனையே தங்குமிடம், உதவித்தொகை, சான்றிதழ் மூன்றும் கொடுத்தது.

ஆஸ்திரேலியாவுக்கு 10 பவுண்டுப் பயணத் திட்டம். வட அயர்லாந்தில் வசித்தவர்கள் பிரிட்டிஷ் குடிகள் என்பதால் தகுதி உண்டு; பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. நிபந்தனை, 2 வருடம் தங்க வேண்டும். முன்னதாகத் திரும்பினால் அரசு போட்ட பயணச் செலவைக் கட்டிவிட்டு, திரும்பும் டிக்கெட்டும் சொந்தக் காசில் எடுக்க வேண்டும்.

#9 மருதநிலா

1969இல் கலவரம் வெடித்த பிறகும் இப்படி வேலை தேடித்தான் போனார்களா, உயிருக்குப் பயந்தா?

#10 அலைவாய்

இரண்டும். 1969 ஜூலை முதல் செப்டம்பர் வரை பெல்ஃபாஸ்டில் 1,820 குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடின, அதில் 1,505 கத்தோலிக்கக் குடும்பங்கள் என்று அந்தக் கலவரத்தை விசாரித்த ஸ்கார்மன் தீர்ப்பாயம் பதிந்தது. கத்தோலிக்கர் வாழ்ந்த பாம்பே தெரு எரிந்தது அப்போதுதான். பலர் போனது பக்கத்துத் தெருவுக்கோ எல்லை தாண்டித் தெற்குக்கோ. சிலர் கடல் தாண்டினார்கள்.

பிரிட்டனுக்குப் போகும் வழியும் 1974இல் மாறிவிட்டது. ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வின் பர்மிங்காம் குண்டுவெடிப்பில் 21 பேர் இறந்தார்கள், சில நாளிலேயே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. துறைமுகத்தில் நிறுத்தி அட்டை நிரப்பச் சொல்லலாம், குற்றச்சாட்டே இல்லாமல் 48 மணி நேரமும், அமைச்சர் நீட்டித்தால் மேலும் 5 நாளும் அடைத்து வைக்கலாம். வெளியேற்ற உத்தரவு போட்டால் பிரிட்டிஷ் குடிமகனையே பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குத் திருப்பி அனுப்பலாம். 20 வருடம் தொடர்ந்து பிரிட்டனில் வசித்தவருக்கு மட்டும் விலக்கு. 1984இல் அதை 3 வருடமாகக் குறைத்தார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருபவர்கள் வேலைக் கடிதம், வாடகை ரசீது, சேரும் முகவரி எல்லாம் கையோடு வைத்திருந்தது இதனால்தான்.

#11 ஸ்காபரோக்காரன்

ரொறன்ரோ பற்றி யாரும் சொல்லவில்லை, ஆகவே நான் எழுதுறன். இந்த நகரத்தைக் கனடாவின் பெல்ஃபாஸ்ட் எண்டே முந்தி சொல்லுவினம். புரொட்டஸ்டன்ட்காரரின்ர ஒரேஞ்சு சங்கத்தின் பிடியில்தான் நகரசபை, பொலிஸ், தீயணைப்புப் படை எல்லாம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் இருந்தது. அவையின்ர ஜூலை 12 வெற்றி ஊர்வலம் இங்கயும் நடந்தது. ஆகவே வட அயர்லாந்துக் கத்தோலிக்கர் இங்க வந்து இறங்கினவுடன எல்லாம் சரியாப் போச்சு எண்டு நினைக்கக் கூடாது.

வித்தியாசம் பள்ளிக்கூடத்தில. கனடாவின் 1867 அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு ஒன்ராறியோவில கத்தோலிக்கப் பள்ளிகளைக் காப்பாற்றினது. ஆனாலும் 10ஆம் வகுப்பு வரைக்கும்தான் அரசுப் பணம். மேல் வகுப்புக்குப் பெற்றோர் கட்டணம் கட்ட வேணும். 1984இல முதல்வர் பில் டேவிஸின்ர மாகாண அரசு மேல் வகுப்புக்கும் தாறம் எண்டு அறிவிச்சுது, 1987இல உச்ச நீதிமன்றம் அதைச் சரியெண்டு சொல்லிச்சுது. இண்டைக்கு எங்கட தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் காசு கட்டாமல் படிக்கிறது அந்த ஐரிஷ்காரர் பிடிச்சு வச்ச உரிமையில. ஆரம்பப் பள்ளியில சேர்க்கப் பிள்ளையின்ர அல்லது தாய் தகப்பனின்ர ஞானஸ்நானப் பத்திரம் கேட்பினம், உயர்நிலைப் பள்ளி எல்லாருக்கும் திறந்தது.

#12 நெசவுத்தறி

ஸ்காபரோக்காரன் அண்ணே, அருமையான தகவல். அமெரிக்காவையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் போனவர்கள் ஊருக்கு உதவிக் கை நீட்டியது அங்கிருந்துதான்.

1965 குடிவரவுச் சட்டம் உறவினர், தொழில் தகுதி என்று வரிசைப்படுத்தியதால் ஐரிஷ்காரருக்கு வழி சுருங்கிவிட்டது. சுற்றுலா விசாவில் வந்து தங்கிவிட்டவர்கள் அப்பா செத்தாலும் ஊருக்குப் போக முடியாது. போனால் திரும்ப நுழைய முடியாது. 1986 சட்டத்தில் டோனலி விசா வந்தபோது தபாலில் முதலில் சேர்ந்தவருக்கு முதலில் என்று விதி, ஒருவர் எத்தனை கடிதம் வேண்டுமானாலும் போடலாம். மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். 1990 சட்டத்தின் மோரிசன் விசாவில் வருடம் 40,000 வீதம் மூன்று வருடம், அதில் 40 சதவீதம் அயர்லாந்துக்கு. பிற்பாடு வந்த பன்முக விசாக் குலுக்கலில் பிரிட்டனில் பிறந்தவர்களுக்கு நீண்ட காலம் தகுதியில்லை. வட அயர்லாந்தைத் தனியாகக் கணக்கிட்டு அனுமதித்தார்கள்.

இந்த ஐரிஷ் அமெரிக்கர்களின் பலத்தில்தான் 1984இல் அயர்லாந்து அரசியல்வாதி ஷான் மெக்பிரைடு பெயரில், வட அயர்லாந்தில் தொழில் நடத்தும் அமெரிக்க நிறுவனங்களுக்கு 9 கோட்பாடுகள் வந்தன: எல்லா வேலையையும் வெளிப்படையாக விளம்பரம் செய், வேலையிடத்தில் மதக் கொடி வேண்டாம், வேலைக்கு வந்துபோகும் வழியில் பாதுகாப்பு கொடு என்று. 1985இல் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஓய்வூதிய நிதியை இதோடு கட்டியது, மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பெல்ஃபாஸ்டில் கிளை வைத்திருந்த அமெரிக்க நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது. வேலையில் பாகுபாட்டைத் தடுக்க வந்த, பல்லில்லாத 1976 சட்டத்துக்குப் பதிலாகக் கடுமையான 1989 வேலைவாய்ப்புச் சட்டம் வந்ததில் இந்த அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தச் சட்டமும், 1998இல் அதன் இடத்துக்கு வந்த ஆணையும் எப்படி இயங்குகின்றன என்பதையும் சொல்ல வேண்டும், மற்ற நாடுகளில் அரிதாகப் பார்க்கிற முறை. இன்று 10 பேருக்கு மேல் முழுநேரப் பணியாளர் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்து, ஆண்டுதோறும் மதப் பின்னணிக் கணக்கு அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தோடு ஒரு தனித்தாள் வரும்: புரொட்டஸ்டன்ட் சமூகம், கத்தோலிக்க சமூகம், இரண்டும் இல்லை. எந்த மதத்தை நம்புகிறாய் என்று கேட்பதில்லை. நேர்காணல் செய்பவர் கண்ணில் அந்தத் தாள் படக் கூடாது. நிரப்பாவிட்டால் ஆரம்பப் பள்ளியின் பெயரை வைத்து நிறுவனமே வகைப்படுத்தலாம். ஒரு காலத்தில் விலக்கப் பயன்பட்ட அதே பள்ளிப் பெயர்! கணக்கு அனுப்பாதது குற்றம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஆள் எடுப்பு, பயிற்சி, பதவி உயர்வு மூன்றையும் நிறுவனம் சுயமதிப்பீடு செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போக, தெரிய வந்ததிலிருந்து 3 மாதம்தான். நிறுவனத்தின் உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து அந்த நாளைத் தவறவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

#13 சங்குமுகம்

ஒரு சேர்க்கை. 1980களிலிருந்து படிக்கப் போய்த் திரும்பாதவர்களில் புரொட்டஸ்டன்ட் மாணவர்கள்தான் கணிசம். ஸ்காட்லாந்து, இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். 2021 கணக்கில் கத்தோலிக்கப் பின்னணி 45.7 சதவீதம், புரொட்டஸ்டன்ட் பின்னணி 43.5. அலைவாய் சொன்ன கப்பல் கணக்கு இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

#14 மருதநிலா

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. அப்படிப் போனவரின் பேரப்பிள்ளை அயர்லாந்துக் குடியுரிமை கேட்கலாமா? பாட்டி பிறந்தது பிரிட்டிஷ் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்தாயிற்றே?

#15 ஏட்டுச்சுவடி

கேட்கலாம். தீவின் எந்தப் பகுதியில் பிறந்திருந்தாலும் போதும், பெல்ஃபாஸ்டும் சேர்த்தி. பாட்டி அங்கே பிறந்ததால் அவருடைய பிள்ளை தானாகவே குடிமகன். பேரப்பிள்ளை வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும்.

தேவையானவை: பாட்டியின் அரசுப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், விண்ணப்பிப்பவரின் பிறப்புச் சான்றிதழ், சாட்சியிட்ட அடையாள நகல், முகவரிச் சான்று. பிறப்புச் சான்றிதழ் எல்லாமே பெற்றோர் பெயர் உள்ள நீண்ட வடிவமாக இருக்கட்டும். பெயர் மாறும் ஒவ்வொரு இடத்திலும் திருமணச் சான்றிதழ் சங்கிலியின் ஒரு கண்ணி. ஒன்று விடுபட்டாலும் கோப்பு நின்றுவிடும்.

ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டும் போதாது, ஆனால் தேட அதுதான் கைகொடுக்கும். 1922 ஜூன் 30 அன்று டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்குகளின் பெரும்பகுதியும், அங்கே ஒப்படைத்திருந்த ஆங்கிலிக்கன் பதிவேடுகளும் போயின. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. பலவற்றில் பெயர் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் என்றால் யாகோபுஸ், பிரிஜிட் என்றால் பிரிகிடா. ஞானஸ்நானத் தேதி அரசுச் சான்றிதழின் பிறந்த தேதிக்கு முன்னதாக வந்தாலும் திகைக்க வேண்டாம். காலம் கடந்து பதிவு செய்தால் தண்டம் என்பதால் பெற்றோர் பிறந்த நாளைத் தள்ளிச் சொல்வதுண்டு. விண்ணப்பத்தில் அரசுச் சான்றிதழின் தேதியையே எழுதுங்கள்.

வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்களுக்கு 1864 முதலான பிறப்புப் பதிவு பெல்ஃபாஸ்டில் உள்ள பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். 1901, 1911 குடிக்கணக்குகள் இணையத்தில் இலவசம், மதத்துக்கெனத் தனிப் பத்தியே உண்டு. வட அயர்லாந்தின் 1926 கணக்குத் தாள்கள் மிஞ்சவில்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவேட்டை பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தில் தகவல் உரிமைக் கோரிக்கையாகக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. பேரப்பிள்ளை பதிவு செய்த தேதியிலிருந்துதான் குடிமகன். அதற்கு முன்னால் அவருக்குப் பிறந்துவிட்ட குழந்தைக்கு இந்த வழி அடைபட்டுவிடும். குழந்தை வரப்போகிறது என்று தெரிந்தால், பிறப்பதற்குள் பதிவு முடியும்படி உடனே அனுப்புங்கள். விண்ணப்பக் கடிதத்திலேயே பேறுகால மருத்துவச் சான்றை இணைத்து அவசரம் என்று எழுதுங்கள்.